பிரவுசரில் ஓடும் சின்ன விளையாட்டு செய்ய எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். உங்களுக்குப் பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. எக்செல் கைவந்த கலை, புரோகிராமிங் சுத்தமாகத் தெரியாது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், நிமிடத்துக்கு ஒரு விளம்பரம் வரும் கேம்களைக் கைப்பேசியில் ஆடுவதைப் பார்த்துவிட்டு, நாமே ஒன்று செய்து கொடுத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. ஜாவா படிப்பதா பைத்தான் படிப்பதா, எத்தனை மாதம் பிடிக்கும், கணக்கு நிறைய வேண்டுமா, ஜார்ஜ் டவுனில் வார இறுதி வகுப்புக்கு மூவாயிரம் வெள்ளி கேட்கிறார்கள், கட்டலாமா என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் பதில் உண்டு. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன்: ‘ஆரம்பித்துவிட்டுப் பாதியில் போட்டுவிடாமல், மகள் கையில் கொடுக்கிற மாதிரி ஒன்றை முழுசாக முடிக்க எனக்கு வருமா?’ நான் பினாங்குத் தீவில் வெப் டெவலப்பராக வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கும், சில சமயம் அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோருக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

மொழி விஷயத்தில் சந்தேகமே இல்லை. பிரவுசரில் ஓட வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட். கூடவே பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல எச்டிஎம்எல், அவற்றுக்கு நிறமும் அளவும் இடமும் கொடுக்க சிஎஸ்எஸ். ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். அப்போது ஜாவாவுக்கு இருந்த மவுசு இதற்கும் ஒட்டட்டும் என்று இந்தப் பெயரை வைத்தார்கள். அந்த அவசரத்தில் விழுந்த கோணல்கள் சில இன்னும் மொழியில் இருக்கின்றன, ஒன்றைக் கீழே காட்டுகிறேன். பைத்தான் அருமையான மொழிதான், ஆனால் பிரவுசருக்கு அது நேரடியாகப் புரியாது. சுற்றுவழிகள் உண்டு, தொடக்கத்தில் வேண்டாம். உங்கள் அண்ணன் மகன் படிவம் நான்கில் ஜாவா படிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். எஸ்பிஎம் (படிவம் ஐந்து முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) கணினி அறிவியலில் படிவம் ஐந்துக்குப் போனால் ஜாவாஸ்கிரிப்டும் வரும். அடுத்த வருடம் அவன் உங்களிடம் சந்தேகம் கேட்கலாம்.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் ஃபிளாஷ், ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்று பழைய பாடங்கள் நிறைய கிடைக்கும். சைபர் கஃபேயில் மணிக்கணக்கில் நாம் ஆடியதெல்லாம் ஃபிளாஷ்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி அதை மூடிவிட்டது, பிரவுசர்களும் எடுத்துவிட்டன. அந்தப் பாடங்களைத் திறக்கவே வேண்டாம்.

சாமான் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் இருக்கும் லேப்டாப் எக்செல்லைத் திணறாமல் திறக்கிறது என்றால் இதற்கும் போதும். புதிதாக வாங்கக் கோலாலம்பூருக்குக் கிளம்பி லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் கடை கடையாக ஏற வேண்டியதில்லை. குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ், எழுதுவதற்கு விஷுவல் ஸ்டூடியோ கோட். எல்லாமே இலவசம். கைப்பேசியிலேயே கற்றுக்கொள்ள முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியும், ஆனால் அடைப்புக்குறி ஒன்று விடுபட்டால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஆசையே விட்டுப்போகும். எச்டிஎம்எல்லுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் ஒரு வாரத்துக்கு மேல் தனியாகக் கொடுக்காதீர்கள். தலைப்பு, பட்டன், பெட்டி, பெட்டிகளை வரிசையாக அடுக்கும் கிரிட். இவ்வளவு தெரிந்தால் முதல் விளையாட்டுக்குப் போதும், மீதியைத் தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம். முதலில் சிஎஸ்எஸ்ஸை முழுசாக முடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

இனிதான் முக்கியமான இடம். எதை முதலில் செய்வது? வகுப்புக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் ஓடிக் குதிக்கும் விளையாட்டைத்தான் கேட்பார்கள். அதில் ஈர்ப்புவிசை, மோதல், பின்னணி நகர்வு, சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் விழும். நான் சொல்வது, முதல் விளையாட்டில் எதுவும் தானாக நகரக்கூடாது. ஆடுபவர் தொட்டால் மட்டும் ஏதாவது நடக்கட்டும். இது ஏதோ குழந்தைத்தனமான வேலை என்று நினைக்காதீர்கள். 2014 மார்ச்சில் உலகமே ஆடிய 2048 விளையாட்டை, இத்தாலியைச் சேர்ந்த கப்ரியேலே சிருல்லி என்ற 19 வயதுப் பையன் ஒரு வார இறுதியில் செய்தார். அதில் பெரிய கிராஃபிக்ஸ் வித்தை எதுவும் கிடையாது. எச்டிஎம்எல் பெட்டிகள், சிஎஸ்எஸ் அசைவு, பின்னால் நான்குக்கு நான்கு கட்ட எண்கள், அவ்வளவுதான். அதன் மூல நிரல் இன்றும், புரோகிராம்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. கொஞ்சம் தேறிய பிறகு படித்துப் பாருங்கள்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது பல்லாங்குழி. மகளுக்கும் பாட்டி சொல்லிக்கொடுத்திருப்பார், விதியைத் தனியாகக் கற்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு விதி மாறும் என்பதால் ஒன்றை முடிவு செய்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு: பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து முத்து. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது. கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வது. அடுத்த குழி காலியாக இருந்தால் அதற்கும் அடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை மற்றவரிடம் விடுவது. நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுப்பதை இரண்டாம் சுற்று வேலைக்கு ஒத்திவையுங்கள். விதியைத் தாளில் எழுதும்போதே பாதிப் புரோகிராம் எழுதியாகிவிடும். தாளில் தெளிவில்லாத விதி கம்ப்யூட்டரிலும் தெளிவாகாது.

இப்போது புதியவர்கள் எல்லோரும் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். திரையில் பதினான்கு பட்டன் வைப்பார்கள், ஒவ்வொன்றின் மேலும் 5 என்று எழுதுவார்கள். முத்து விழும்போது பட்டனில் எழுதியிருப்பதைப் படித்து, ஒன்றைக் கூட்டி, திரும்ப எழுதுவார்கள். பட்டனில் 51 என்று வரும். நான் முன்பு சொன்ன கோணல் இதுதான். திரையில் இருக்கும் 5 என்பது ஜாவாஸ்கிரிப்டுக்கு எண் இல்லை, எழுத்து. எழுத்தோடு 1 என்ற எண்ணைக் கூட்டச் சொன்னால் பக்கத்தில் ஒட்டிவிடும், தவறு என்று ஒரு வார்த்தை சொல்லாது. அதை எண்ணாக மாற்ற ஒரு கட்டளை இருக்கிறது, போட்டால் சரியாகிவிடும். ஆனால் நோய் அதுவல்ல. விளையாட்டின் கணக்கைத் திரையில் வைத்ததுதான் நோய்.

நீங்கள் எக்செல்லில் சார்ட் போட்டிருப்பீர்கள். செல்லில் எண்ணை மாற்றினால் சார்ட் தானே மாறும். சார்ட்டின் தூணைப் பிடித்து இழுத்து, அதிலிருந்து எண்ணைக் கண்டுபிடிப்பவர் யாருமில்லை. விளையாட்டும் அப்படியே. உண்மை ஓரிடத்தில் இருக்கும், திரை அதன் படம் மட்டும். பல்லாங்குழியில் அந்த உண்மை மூன்றே விஷயம்: பதினான்கு எண்கள் கொண்ட ஒரு வரிசை, இருவரும் இதுவரை எடுத்தது எவ்வளவு, இப்போது யார் முறை. ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளுக்கு, அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டிகளுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வேலையிடத்தில் நான் அப்படிச் செய்வதில்லை, கூட வேலை பார்ப்பவர்களுக்குப் படிக்க வராது. ஆனால் கற்கும்போது எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்று பளிச்சென்று பிரிந்து தெரியும். ‘குழிகள்’ என்பது அந்தப் பதினான்கு எண் வரிசை, ‘குழி’ என்பது இப்போது கை இருக்கும் குழியின் எண் என்று வைத்துக்கொண்டால், முத்து ஒன்று அடுத்த குழியில் விழுவதை இரண்டு வரியில் எழுதலாம்:

குழி = (குழி + 1) % 14
குழிகள்[குழி] = குழிகள்[குழி] + 1

முதல் வரியில் உள்ள சதவீதக் குறி வகுத்து மீதியைத் தரும், எக்செல்லின் மோட் ஃபங்ஷன் மாதிரி. எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் கடைசிக் குழியின் எண் 13. அதற்கு அடுத்தது 14, அதை 14-ஆல் வகுத்தால் மீதி 0, ஆகவே முத்து சுற்றிக்கொண்டு முதல் குழிக்கு வந்துவிடும். அந்த மீதிக் கணக்கை மறந்துவிட்டால் என்னாகும் தெரியுமா? இல்லாத பதினைந்தாவது குழியில் முத்தைப் போடுவீர்கள். வேறு சில மொழிகள் அங்கேயே கத்தி நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் சத்தமே போடாமல் புதிதாக ஒரு குழியைத் தோண்டிவிடும்.

அதனால் கணக்குப் பிரிவுக்காரரான உங்களுக்கு ஒரு வழி. ஐந்து முத்து, பதினான்கு குழி, மொத்தம் 70. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் குழிகளில் இருப்பதையும் இருவர் கையில் இருப்பதையும் கூட்டி கன்சோலில் (பிரவுசரில் எஃப்12 அழுத்தினால் திறக்கும் செய்திப் பகுதி) எழுதச் சொல்லுங்கள். எப்போதும் 70 வர வேண்டும். 70-ஐத் தாண்டினால் எங்கோ முத்தை எடுத்தவுடன் குழியைக் காலி செய்யவில்லை, குறைந்தால் காலி செய்துவிட்டு எண்ணை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டீர்கள் என்கிற மாதிரி தடம் கிடைக்கும். பிழை எந்த ஆட்டத்தில் நுழைந்தது என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். இதைச் செய்யாதவர்கள் விளையாட்டின் முடிவில் முத்து குறைகிறதே என்று இரவு முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். என்னைக் கேட்டால், பிள்ளைகளைவிடக் கணக்கர்களுக்கு இந்த வேலை சீக்கிரம் பிடிபடுவதற்கு இந்த டாலி பார்க்கும் புத்திதான் காரணம்.

அடுத்து ஒரு சிக்கல் நிச்சயம் வரும். விதியெல்லாம் சரியாக எழுதி முடித்து ஒரு குழியைத் தொட்டால், முத்து ஒவ்வொன்றாக விழுவது தெரியாது. கண் இமைப்பதற்குள் கடைசி நிலை மட்டும் வந்து நிற்கும். நடுநடுவே திரையை வரையச் சொல்லித்தானே எழுதினேன் என்பீர்கள். பிரவுசர், ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் புரோகிராம் முடிந்து கையைவிட்ட பிறகுதான் திரையைப் புதுப்பிக்கும். எல்லா முத்தையும் ஒரே மூச்சில் போட்டால் கடைசிப் படம்தான் தெரியும். ஒரு முத்தைப் போட்டு, வரைந்து, முந்நூறு மில்லிசெகண்டு கழித்து அடுத்ததைப் போடு என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். செட்டைம்அவுட் என்ற கட்டளை அதற்குத்தான். பிறகு அவெய்ட் என்பதைக் கற்றுக்கொண்டால் அதையே இன்னும் நேராக எழுதலாம். புதியவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்டில் மிகக் கடினமான இடம் இதுதான். இங்கே ஒரு வாரம் தேங்கி நின்றால் கவலைப்படாதீர்கள். இதைச் சரி செய்ததும் அடுத்தது தொடங்கும்: முத்து விழுந்துகொண்டிருக்கும்போதே மகள் வேறொரு குழியைத் தட்டுவாள். நிச்சயம் தட்டுவாள், அதுவும் நான்கைந்து தடவை. இரண்டு ஆட்டம் ஒன்றின் மேல் ஒன்று ஓடி வரிசை கலங்கிப்போகும். ‘இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று ஒரு மாறி வைத்து, அது உண்மையாக இருக்கும்வரை தட்டலைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும்.

கணக்கைத் திரையிலிருந்து பிரித்து வைத்ததன் பலன் இதற்குப் பிறகுதான் தெரியும். போட்ட ஆட்டத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமா? ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அந்த வரிசையை நகலெடுத்து வைத்தால் போதும். நகல் என்றால் உண்மையான நகல். வெறுமனே சமக்குறி போட்டால் அதே வரிசைக்கு இன்னொரு பெயர்தான் கிடைக்கும், ஒன்றை மாற்றினால் இரண்டும் மாறும். பாதி ஆட்டத்தில் சாப்பிடக் கூப்பிட்டால் சேமித்து வைக்க வேண்டுமா? வரிசையை எழுத்தாக மாற்றி, பிரவுசர் தன்னிடமே சேமித்து வைக்கும் இடமான லோக்கல் ஸ்டோரேஜில் போடலாம். பள்ளித் தோழி வந்து சொங்காக் (மலாய்க்காரர்களின் பல்லாங்குழி) ஆடலாம் என்கிறாளா? ஏழேழு குழிகளோடு ஆளுக்கு ஒரு ‘ரூமா’ (முத்தைச் சேர்த்து வைக்கும் வீட்டுக் குழி) சேர்த்தால் பதினாறு இடம், குழிக்கு ஏழு முத்து, மொத்தம் 98. எதிராளியின் ரூமாவைத் தாண்டிப் போக ஒரு நிபந்தனை, அதற்கேற்பச் சில விதிகள் மாறும். வரையும் பகுதியில் பெரிதாக எதையும் தொட வேண்டியிருக்காது.

இதை முடித்த பிறகு தானாக நகரும் விளையாட்டுக்குப் போகலாம். மேலிருந்து விழும் ரம்புத்தானைக் கூடையில் பிடிக்கிற மாதிரி ஏதாவது. அதற்கு கேன்வாஸ், அதாவது புரோகிராம் படம் வரைவதற்குப் பக்கத்தில் வைக்கும் பலகை. ஆப்பிள் நிறுவனம் 2004-இல் கொண்டுவந்தது, இப்போது எல்லா பிரவுசரிலும் இருக்கிறது. அதில் ஒய் அச்சு கீழ்நோக்கி வளரும், பள்ளியில் வரைந்த வரைபடத்துக்கு நேர்மாறு. பழகிவிடும். இங்கே கவனிக்க வேண்டியது வேகம். ரெக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் என்ற கட்டளை, திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் உங்கள் புரோகிராமைக் கூப்பிடும். சாதாரணத் திரையில் நொடிக்கு 60 முறை. ஒவ்வொரு முறையும் பழத்தை மூன்று புள்ளி இறக்கு என்று எழுதினால் உங்கள் லேப்டாப்பில் அழகாக விழும். 120 ஹெர்ட்ஸ் கைப்பேசியில் அதே பழம் இரண்டு மடங்கு வேகத்தில் விழும். கடந்த முறைக்கும் இந்த முறைக்கும் இடையே எத்தனை மில்லிசெகண்டு போயிற்று என்று பார்த்து, அதை வேகத்தால் பெருக்கி நகர்த்த வேண்டும். நீங்கள் கேட்ட ‘கணக்கு’ இவ்வளவுதான். பழம் கூடையைத் தொட்டதா என்று பார்க்க நான்கு ஒப்பீடு போதும். வட்டத்தோடு வட்டம் மோதினால் கீழ்ப்படிவத்தில் படித்த பைதகரஸ். எஸ்பிஎம் கூடுதல் கணிதம் எடுக்கவில்லையே என்ற வருத்தம் தேவையில்லை.

மகளுக்குத் தமிழ்ச் சொல் விளையாட்டு வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது, ஆங்கிலப் பாடங்கள் எதுவும் எச்சரிக்காது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் 5 என்று சொல்லும். யுனிகோடில் மி என்பது மகரமும் இகரக் குறியும், ழ் என்பது ழகரமும் புள்ளியும். அதைத் தெரியாமல் சொல்லை எழுத்தெழுத்தாக உடைத்துக் கட்டங்களில் போட்டால், ஒரு கட்டத்தில் வெறும் புள்ளி வட்டத்தோடு தொங்கும், பிள்ளை பயந்துபோகும். இன்டெல் செக்மென்ட்டர் என்று ஒன்று மொழியிலேயே இருக்கிறது, கணினிச் சில்லு நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பன்மொழி வசதிக்கான தொகுப்பின் சுருக்கப்பெயர். அது சொல்லை த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துத் தரும். ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்தது, ஆகவே பழைய கைப்பேசியில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் அது இரண்டிரண்டாக உடைக்கும், அவற்றை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், இலவசமாகப் பயன்படுத்த உரிமம் இருக்கிறது. தட்டச்சுக்குக் கவலை வேண்டாம். நம் ஊர் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைப்பலகை ஆப்பிள் சாதனங்களில் கூடவே வருகிறது.

விளையாட்டு லேப்டாப்பில் ஓடினால் முக்கால்வாசி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி கால்வாசி மகளின் கைப்பேசியில் இருக்கிறது. வேகமாக இரண்டு தட்டு தட்டினால் பக்கம் பெரிதாகும், சிஎஸ்எஸ்ஸில் டச் ஆக்‌ஷன் என்ற ஒரு வரி அதை நிறுத்தும். சத்தம் வராது, காரணம் ஆடுபவர் திரையை ஒருமுறையாவது தொடும்வரை பிரவுசர்கள் ஒலியை விடுவதில்லை. ‘ஆரம்பி’ பட்டன் ஒன்று வைத்து அதிலிருந்து ஒலியைத் தொடங்குங்கள். ஐபோன் சஃபாரியில், ஏழு நாள் அந்தப் பக்கத்துக்கே போகாவிட்டால் லோக்கல் ஸ்டோரேஜில் சேமித்தது அழிந்துபோகலாம். முகப்புத் திரையில் சேர்த்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. எல்லோருக்கும் போடுவதற்கு கிட்ஹப் பேஜஸ் அல்லது இட்ச் ஐஓ, இரண்டும் காசில்லாமல். ஏற்றிய பிறகு படம் மட்டும் வரவில்லை என்று பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் பொருட்படுத்தாது, அங்கே இருக்கும் சர்வர் பொருட்படுத்தும். எல்லாப் பெயரையும் சிறிய எழுத்திலேயே வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. இனி வருவது என் அபிப்பிராயம், மாற்றுக் கருத்து இருக்கலாம். மூவாயிரம் வெள்ளி வகுப்பை இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்பேன். வகுப்பு கெட்டது என்பதால் இல்லை. முதல் இரண்டு மாதத்தில் அங்கே சொல்வது எம்டிஎன், ஃப்ரீகோட்கேம்ப் என்ற இரண்டு கற்றல் தளங்களிலும் இலவசமாகவே இருக்கிறது. எம்டிஎன்னில் பந்தால் செங்கல் உடைக்கும் விளையாட்டைப் படிப்படியாகச் செய்யும் பாடம் ஒன்று உண்டு, ரம்புத்தானுக்குப் போகும் முன் அதைச் செய்து பாருங்கள். ஆங்கிலம்தான், ஆனால் எளிய ஆங்கிலம். பல்லாங்குழியை முடித்துவிட்டு, அதன் பிறகும் ஆசானும் கூட்டாளிகளும் வேண்டும் என்று தோன்றினால் கட்டுங்கள். அப்போதும் ஒன்று கேளுங்கள்: முன்னே படித்தவர்கள் செய்து முடித்த விளையாட்டை என் கைப்பேசியில் திறந்து காட்டுங்கள் என்று. சான்றிதழைக் காட்டினால் எழுந்து வந்துவிடலாம்.

எத்தனை மாதம் என்பதற்கு நேர்மையான பதில் இல்லை. வாரத்தில் மூன்று நான்கு இரவு, பிள்ளை தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் ஆடக்கூடிய பல்லாங்குழியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் நான் பார்ப்பது நின்று முடித்தவர்களை மட்டும்தான். நடுவில் போனவர்கள் எவ்வளவு காலத்தில் முடித்திருப்பார்கள் என்பது என் கணக்கில் வராது, ஆகவே இந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாட்ஜிபிடி மாதிரியான உதவியாளர்கள் விஷயத்திலும் நான் இரண்டு மனதில்தான் இருக்கிறேன். பல்லாங்குழி எழுதிக் கொடு என்றால் ஒரு நிமிடத்தில் கொடுத்துவிடும், பெரும்பாலும் ஓடவும் செய்யும். பிறகு மகள் ‘அம்மா, பசு விதி சேர்த்துக் கொடு’ என்றால் எங்கே கை வைப்பது என்று தெரியாது. பிழைச் செய்தியை ஒட்டி இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துகிறவர்கள் தேறுகிறார்கள், அது என் கண்ணால் பார்த்தது. எழுதவும் அதையே விட்டவர்களில் சிலரும் தேறியிருக்கிறார்கள், அதையும் மறைக்க முடியாது.

ஃபேசர் என்ற ஃபிரேம்வொர்க்கை, அதாவது விளையாட்டுக்கு வேண்டிய பொது வேலைகளை முன்பே எழுதி வைத்த தொகுப்பை, பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரிச்சர்ட் டேவி 2013-இல் வெளியிட்டது, இன்றும் உயிரோடு இருக்கிறது, இலவசம். மூன்றாவது விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மோதலையும் நேரத்தையும் ஒருமுறையாவது கையால் எழுதிவிட்டுப் போனால், அது நமக்கு எதை மிச்சப்படுத்துகிறது என்பது புரியும். படத்துக்கு கென்னி என்பவரின் தளத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தொலைக்காட்சிக் கார்ட்டூன் பொம்மைகளை எடுத்துப் போட்டுப் பொதுவில் வைக்காதீர்கள். வீட்டுக்குள் இருக்கும்வரை யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும் பழக்கம் கெட்டுவிடும்.

முப்பரிமாண விளையாட்டும், இருவர் இரு வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் ஆடும் விளையாட்டும் நான் தொழிலாகச் செய்ததில்லை. அவற்றில் என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். இரண்டாவதற்கு சர்வரும், அதோடு இடைவிடாமல் பேச வெப்சாக்கெட் என்ற இணைப்பும் வேண்டும், வேலை பல மடங்கு என்பது மட்டும் தெரியும். விளையாட்டின் புள்ளிப் பட்டியலில் பிள்ளைகளின் பெயரையும் பள்ளியையும் சேமிக்கும் எண்ணம் வந்தால், 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தெரிந்தவர் ஒருவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். ஒரே கைப்பேசியை நடுவில் வைத்து இருவர் ஆடும் பல்லாங்குழிக்கு இது எதுவும் தேவையில்லை.

எங்காவது மாட்டிக்கொண்டால் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாமல், எஃப்12 அழுத்தி கன்சோலில் சிவப்பாக வரும் வரியை அப்படியே ஒட்டி, எந்தக் குழியைத் தொட்டபோது வந்தது, கூட்டுத்தொகை எவ்வளவு காட்டியது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். நான் இல்லாவிட்டாலும் வேறு யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.